வெனிஸ் அரங்கில் உடைந்த பானை

நம்மிடம் சிறு வயதில் திருமறை ஓதிய மாணவர் ஒருவர் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனமொன்றில் மெர்ச்சண்டைசராகப் பணிபுரிகிறார். 2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் அவர் இத்தாலி நாட்டிலிருந்து திரும்பிய மறுவாரமே நம்மைக் காண அவிநாசிபாளையம் வந்தார். வெளிநாடு சென்று வருவோர் ஆசிரியருக்கு அத்தர் கொண்டுவருவது வழக்கம். இவர் கொண்டுவந்தது ஒரு கேள்வி.

பையர்களிடம் சாம்பிள் காட்டச் சென்றவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்திருக்கிறது. உடன் வந்தவர்களோடு ரயிலேறி வெனிஸ் நகரைப் பார்க்கப் போயிருக்கிறார். அங்கே ஈராண்டுக்கொரு முறை நடைபெறும் பன்னாட்டுக் கலைக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. நாட்டுக்கொரு அரங்கு. அவற்றினூடே 'இந்தியா' என்ற பெயரைக் கண்டதும் நெஞ்சு நிமிர உள்ளே நுழைந்திருக்கிறார். காந்தியடிகளின் 150ஆம் ஆண்டை ஒட்டி அமைந்த அரங்கு அது. சுவரில் நூற்றுக்கணக்கான மரப்பாதுகைகள். ஓர் இருட்டறையில் நீராவித் திரைமீது காந்தியடிகள் 1939இல் ஹிட்லருக்கு எழுதிய கடிதத்தின் வரிகள் ஒளியாய் ஓடி மறைந்தனவாம். இவற்றையெல்லாம் வியந்து வந்தவர் கண்ணில் உடைந்த மண்பானைகள் தென்பட்டன. வைத்தவர் பெயர் ருமானா ஹுசைன்.

"ஹஜ்ரத், சாம்பிளில் ஒரு தையல் பிசகினாலும் பிரித்து மறுபடி தைக்கிறோம். நிறத்தில் ஓர் இழை மாறினாலும் பையர் கண்டுபிடித்துவிடுகிறார். நாட்டின் பெயரால் நம் சமுதாயப் பெண் ஒருவர் உடைந்த பானையைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்களே, இது தகுமா?" என்று கேட்டார்.

அன்று நாம் சொன்ன விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. கலைஞர்கள் ஏதேனும் பொருள் கருதியே செய்திருப்பார்கள் என்று பொதுப்படக் கூறி, தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டோம். கேள்வி மட்டும் நம்மோடு தங்கிவிட்டது. அதன் பின்னர்க் கிடைத்த நூல்களையும் படங்களையும் தேடிப் பார்த்தோம். வெனிஸ் நகரை நாம் நேரில் கண்டதில்லை என்பதை முதலிலேயே கூறிவிடுகிறோம். அச்சிலும் கைப்பேசியிலும் கண்ட படங்களைக் கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது. அரபியும் தமிழும் கற்பித்துக் காலம் கழித்தவர்க்கு ஓவியக் கண்காட்சியைப் பற்றி எழுத என்ன தகுதி என்று வாசகர் வினவலாம். கேட்டவர் நம் மாணவர் என்பதைத் தவிர வேறு தகுதி நமக்கில்லை.

அவர் கண்ட இந்திய அரங்கு 'ஆர்செனாலே' என்னும் பழைய கப்பல் கட்டும் துறையினுள் இருந்தது. அச்சொல் அவருக்குப் புதிது. அரபி பயின்றவர்க்கோ உறவுக்காரர். 'தாருஸ் ஸினாஆ', அதாவது தொழில் நடைபெறும் இல்லம் என்ற அரபுத் தொடரே வணிகர்களின் வாய்வழியாக இத்தாலியக் கரையேறி இவ்வாறு திரிந்தது என்பது மொழியாராய்ச்சியாளர் துணிபு. விடுதியைக் குறிக்கும் 'ஃபுந்துக்' என்ற சொல்லும் அங்கே 'ஃபோந்தாக்கோ' ஆகி, துருக்கி வணிகர் தங்கியிருந்த மாளிகையின் பெயரில் இன்றளவும் நிலைத்திருக்கிறது. ஆக, நம் மாணவர் அந்நிய மண் என்று எண்ணி நடந்த இடத்தின் பெயர், அவர் நம்மிடம் எழுத்துக் கூட்டிக் கற்ற அதே மொழியிலிருந்து சென்றதுதான்.

அக்கண்காட்சி 1895இல் தொடங்கியது. 1907இல் பெல்ஜியம் தனக்கென ஓர் அரங்கு கட்டியது. இன்று அங்குள்ள பூங்காவில் ஏறத்தாழ முப்பது நாடுகளுக்குச் சொந்தக் கட்டிடங்கள் உள்ளன. எகிப்துக்கும் ஒன்றுண்டு. இந்தியாவுக்கு அப்பூங்காவில் இடமில்லை. நம் நாட்டு ஓவியங்கள் இடையிடையே அங்கே சென்றதுண்டாயினும், லலித் கலா அகாதெமி பொறுப்பேற்று, ஒரு காட்சிப் பொறுப்பாளரை அமர்த்தி, முறையான தேசிய அரங்கு அமைத்தது 2011இல்தான். தொடங்கி 116 ஆண்டுகள் கழித்து! அதன் பின் 2013, 2015, 2017 ஆகிய மூன்று முறையும் அரங்கு இல்லை. 2019இல் மீண்டும் வந்தோம். 2022இலும் 2024இலும் இல்லை. ஓர் ஆர்டரை முடித்துவிட்டு மூன்று பருவம் மறைந்துபோகும் கம்பெனிக்கு எந்தப் பையர் மறு ஆர்டர் கொடுப்பார் என்று நம் மாணவரைக் கேட்டால் சொல்லுவார். இதைப்பற்றி இவ்வளவு போதும்.

நம் கேள்விக்கு விடை 2019இல் அல்ல, 2011இன் அரங்கில்தான் கிடைத்தது. அவ்வரங்கின் பொறுப்பாளர் மும்பைக் கவிஞரும் கலை விமரிசகருமான ரஞ்சித் ஹோஸ்கோட்டே. அவர் தேர்ந்தெடுத்தவர்கள் ஸரீனா ஹாஷ்மி, கிகி ஸ்கேரியா, பிரணீத் சோயி, குவாஹாட்டியைச் சேர்ந்த 'டிசையர் மெஷின் கலெக்டிவ்' என்னும் இருவர் குழு. இவர்களுள் ஸரீனா அம்மையார் வாழ்ந்தது நியூயார்க்கில். நாட்டில் வாழாதவர் நாட்டின் பெயரால் நிற்கலாமா என்ற வினா எழுவது இயல்பே. அவருடைய வாழ்க்கையை அறிந்தால் அவ்வினாவே வேறு வடிவம் கொள்கிறது.

1937இல் அலிகரில் பிறந்தார். தந்தையார் அலிகர் பல்கலைக் கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். மகள் அதே பல்கலைக் கழகத்தில் கணிதம் பயின்று 1958இல் பட்டம் பெற்றார். அயலுறவுப் பணியிலிருந்த கணவரோடு நாடு நாடாகச் சென்றார். அவர் வெளிநாட்டில் இருக்கையிலேயே பிறந்த வீட்டார் கராச்சிக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். வெளியூர் சென்ற பெண் திரும்பி வருவதற்குள் தாய்வீடு வேறு தேசமாகிவிட்டது. ஹிஜ்ரத் செய்தவர் தம் காலால் எல்லையைக் கடக்கிறார். ஸரீனாவோ எல்லையைக் கடக்கவில்லை. எல்லை அவருடைய வீட்டைக் கடந்து சென்றது. பாரிஸிலும் டோக்கியோவிலும் அச்சுக்கலை கற்று, நியூயார்க்கில் குடியமர்ந்து, 2020 ஏப்ரலில் லண்டனில் மறைந்தார்.

வெனிஸில் வைக்கப்பட்ட அவருடைய படைப்புகளுள் 'வீடு ஓர் அந்நிய இடம்' என்பது 1999இல் செய்யப்பட்டது. முப்பத்தாறு மரச்செதுக்கு அச்சுகள். ஒவ்வொன்றுடனும் ஓர் உருதுச் சொல். வாசற்படி, முற்றம், சுவர், வெப்பக் காற்று, எல்லை, தொலைவு, மொழி என்று ஒரு வீட்டிலிருந்து தொடங்கி உலகம் வரை செல்லும் சொற்கள். படத்தில் மனித உருவம் இல்லை. கறுப்புக் கோடுகள், கட்டங்கள், வட்டங்கள் மட்டுமே. கணிதம் கற்ற கை என்பது பார்த்தவுடன் தெரிகிறது. கட்டிடப் பொறியாளர் வரையும் மனைப்படம் போலவும் இருக்கிறது, இழந்ததை மறவாதிருக்கச் சிறுவர் மணலில் கீறும் கோடு போலவும் இருக்கிறது. சொல் முதலில், உருவம் பிறகு என்ற வரிசையை அவர் கைக்கொண்டது நமக்கு மிகவும் பிடித்த செய்தி. அச்சொற்களை அவர் தம் கையால் கிறுக்கிவிடவில்லை. நஸ்தஃலீக் எழுத்தில் தேர்ந்த கலைஞரைக் கொண்டு எழுதுவித்தார்.

இதை நாம் ஏன் சிறப்பித்துக் கூறுகிறோம் என்றால், எழுத்தறிந்தவரைக் கலவாமல் எழுத்தை அச்சேற்றியதன் விளைவை வெனிஸ் நகரமே ஒருமுறை கண்டிருக்கிறது. 1537, 1538ஆம் ஆண்டுவாக்கில் பகனினி என்னும் அச்சகத்தார், தந்தையும் மகனுமாக, திருக்குர்ஆனை அங்கே அச்சிட்டனர். அரபு எழுத்தில் முழுமையாக அச்சேறிய முதல் பிரதி அதுவே. உதுமானிய நாட்டில் விற்கலாம் என்று கருதினர் போலும். ஆனால் தாலுக்கும் தாஃலுக்கும் வேறுபாடில்லை, உயிர்க்குறிகள் ஒழுங்கில்லை. அவ்வளவு பிழைகளோடு வந்த வேதத்தை எந்த முஸ்லிம் வாங்குவார்? முதலீடு மூழ்கியது. அதன் ஒரே ஒரு பிரதி 1987இல் வெனிஸ் அருகே சான் மிக்கேலே தீவிலுள்ள பிரான்சிஸ்கன் துறவிகளின் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. அதே நகரத்தில், ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, நம் எழுத்து பிழையின்றி, நம்மில் ஒருவர் கைவழியே, இந்தியா என்ற பெயரின் கீழ் நின்றது.

அங்கு வைக்கப்பட்ட மற்றொன்று 'கண்ணைப் பறிக்கும் ஒளி'. 2010ஆம் ஆண்டுப் படைப்பு. ஜப்பானியக் காகிதம் ஒன்றில் தங்கத் தகடு பதித்துத் தொங்கவிட்டிருக்கிறார், அவ்வளவே. படத்தில் காணும்போதே நமக்கு மூஸா (அலை) அவர்களும் தூர் மலையும் நினைவுக்கு வந்தன. மலை தூள்தூளாக, நபியவர்கள் மூர்ச்சித்து வீழ்ந்த அக்காட்சியை எந்த ஓவியன் வரைய இயலும்? வரையாமல் காட்டியிருக்கிறார் அம்மையார். இது நம் வாசிப்பு. பிறர் வேறாகவும் கொள்ளலாம்.

இப்போது மாணவரின் கேள்விக்கு வருவோம். சாம்பிள் என்பது என்ன? பின்னால் வரவிருக்கும் பத்தாயிரம் சட்டைகளுக்காக முன்னால் சென்று நிற்கும் ஒரு சட்டை. அதில் பழுதிருக்கக் கூடாது என்பது வணிகத்தின் அறம். நாட்டரங்கையும் அவ்வாறே சாம்பிள் என்று கொண்டதால்தான் நம் மாணவர் மனம் வருந்தினார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. உலகின் பெரும்பாலான அரசுகளும் அவ்வாறே கருதுகின்றன.

நம் சட்ட நூல்களில் ஒருவருக்காகப் பேசுபவரை 'வகீல்' என்கிறோம். தமிழிலும் அச்சொல் வக்கீலாகிக் கோர்ட்டு வாசலில் கறுப்பு அங்கியோடு நிற்கிறது. வக்கீல் கட்சிக்காரரின் நலம் நோக்கிப் பேசுவார். பாதகமானதை அவராக எடுத்துரைக்க மாட்டார். அதே மன்றத்தில் மற்றொருவரும் நிற்கிறார். அவர் 'ஷாஹித்', சாட்சி. கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் கூறுவது அவர் கடன். அது தம் வீட்டாருக்கு உவப்பாயிருக்குமா என்று பார்ப்பதற்கில்லை. தமக்கும், பெற்றோருக்கும், உற்றாருக்கும் மாறாயினும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது திருமறையின் நான்காம் அத்தியாயம் நம்மீது சுமத்திய பொறுப்பு. உற்றார்க்கு மாறாகச் சாட்சி சொன்னவன் உறவை அறுத்தவன் அல்லன். அவ்வாறிருக்க, நாட்டின் பெயரால் அனுப்பப்படும் கலைஞரை நாம் ஏன் வக்கீலாக மட்டும் எதிர்பார்க்கிறோம்? ஸரீனா அம்மையார் வெனிஸில் இந்தியாவுக்காக வாதாடவில்லை. இந்த மண்ணில் ஒரு வீடு இருந்தது, அதன் முற்றம் இன்னவாறு இருந்தது, பிறகு அது இல்லாமற் போயிற்று என்று சாட்சி சொன்னார். அதை அரசின் அகாதெமி அமைத்த அரங்கிலேயே சொல்ல முடிந்தது என்பது இந்த நாட்டுக்குப் பெருமை தருவதே அன்றிச் சிறுமை அன்று. கொண்டுவந்தவர் வீட்டை இழந்தவர் என்பதால் அப்பெருமை இரட்டிப்பாகிறது.

யார் அனுமதித்து யாருக்காகப் பேசுவது என்ற வினா எவ்வளவு கூர்மையானது என்பதற்கு வெனிஸிலேயே மற்றொரு நிகழ்ச்சி உண்டு. நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டியது. 2015இல் ஐஸ்லாந்து நாட்டின் சார்பில் கிறிஸ்தோஃப் பியூஷெல் என்னும் சுவிட்சர்லாந்துக் கலைஞர், நெடுங்காலம் வழிபாடற்றுக் கிடந்த ஒரு தேவாலயத்தினுள் பள்ளிவாசல் ஒன்றை அமைத்தார். மிஹ்ராப், மிம்பர், தொழுகை விரிப்பு எல்லாம் இருந்தன. கீழைநாட்டு வணிகத்தால் செழித்த வெனிஸின் பழைய நகரப் பகுதியில் அதுவரை பள்ளிவாசல் கிடையாது என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டுவதே நோக்கம். அந்நகர முஸ்லிம்களும் ஒத்துழைத்தனர், தொழுதனர். மே 8ஆம் நாள் திறக்கப்பட்டது, 22ஆம் நாள் மூடப்பட்டது. வழிபாட்டிடத்துக்கான அனுமதி இல்லை, கூட்டம் அளவு மீறுகிறது என்று நகர ஆட்சியினர் காரணம் கூறினர்.

இதைப்பற்றி நம் உள்ளம் இருவகையாக நிற்கிறது. மூடியவர்களின் சிறுமை வெளிப்படை. ஆயினும் பள்ளிவாசல் என்பது அல்லாஹ்வுக்கென வக்ஃபு செய்யப்பட்டு, கியாமத்து நாள் வரை பள்ளியாகவே நிற்பது. நவம்பரில் கண்காட்சி முடிந்தால் பிரித்தெடுக்கப்படவிருந்த ஒன்றைத் தொழுமிடம் என்று சொல்லலாமே தவிர, மஸ்ஜித் என்று நாம் சொல்லத் துணியோம். தொழுவோர் ஒருபுறமும் அவர்கள் தொழுவதைப் பார்க்க வந்தோர் ஒருபுறமுமாக நின்ற நிலை நமக்கு நெருடுகிறது. சாட்சி சொல்ல வேண்டிய வெனிஸ் முஸ்லிம், அங்கே சாட்சிப் பொருளாகிவிட்டார். கலைஞர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்பதை மறுக்கவில்லை. என்றாலும், வகாலத்துக் கொடுக்கப்படாத வக்கீலின் வாதம் எவ்வளவு திறமையாக இருந்தாலும் வகாலத்து வேண்டும்.

இனி, உடைந்த பானை. ருமானா ஹுசைன் 1952இல் பெங்களூரில் பிறந்தவர், மும்பையில் வாழ்ந்தவர், 1999இல் புற்றுநோயால் காலமானவர். அதாவது, அவருடைய பானைகள் வெனிஸுக்குச் சென்றபோது அவர் இல்லை. முதலில் ஓவியம் தீட்டியவரே. 1992 டிசம்பர் 6ஆம் நாள் பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டதும், அதனைத் தொடர்ந்து பம்பாயில் நிகழ்ந்த படுகொலைகளும் அவர் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைக்கச் செய்தன. அதன் பின் மண்பானை, கண்ணாடி, செம்மண், நீலம் என்று வீட்டுப் பொருள்களைக் கொண்டே பேசினார். 'துண்டுகள்' என்ற அப்படைப்பு 1993ஆம் ஆண்டினது. கவிழ்த்து வைத்த பாதிப் பானையை ஒரு கணம் உற்றுப் பாருங்கள். அது ஒரு குவிமாடம். நீர் நிறைத்துத் தாகம் தீர்த்த பாத்திரமும், இறைவனைத் தொழ நிழல் தந்த கூரையும் ஒரே வடிவம் என்பதை நமக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. நாம் நாள்தோறும் குடம் பார்க்கிறோம், குப்பா பார்க்கிறோம். இரண்டையும் இணைத்துப் பார்த்ததில்லை.

நம் மாணவர் அருகிலிருந்த குறிப்பைப் படிக்கவில்லை, ரயிலுக்கு நேரமாகிவிட்டதாம். அது அவர் பிழை. என்றாலும் 2019இன் அரங்கைப்பற்றி நமக்கு ஒரு குறை உண்டு. அதன் பொறுப்பாளர் அப்போது தில்லி கிரண் நாடார் கலைக் காட்சியகத்தின் இயக்குநராயிருந்த ரூபினா கரோடே அம்மையார். 1938 ஹரிபுரா காங்கிரசுக்காக நந்தலால் போஸ் தீட்டிய சுவரொட்டிகள் முதல் அதுல் தோடியா, ஜி. ஆர். இரண்ணா, ஜிதிஷ் கல்லாத், சகுந்தலா குல்கர்ணி, அசிம் புர்காயஸ்தா வரை ஏழு பேரின் படைப்புகளைக் காந்தியடிகள் என்ற ஒரே கூரையின் கீழ் வைத்தார்.

தேர்ந்தெடுப்பதும் வரிசைப்படுத்துவதும் சிறிய வேலை என்று நம்மவர் எண்ணிவிடக் கூடாது. இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் சட்டஞானம் அவர்கள் இட்ட தலைப்புகளில் இருக்கிறது என்று மதரஸாக்களில் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஹதீஸ் அவர்கள் இயற்றியதன்று; எந்த ஹதீஸை எந்தத் தலைப்பின் கீழ் வைத்தார்கள் என்பதில்தான் அவர்களுடைய கருத்து விளங்குகிறது. காட்சிப் பொறுப்பாளரின் புலமையும் அவ்வகைப்பட்டதே. ருமானாவின் பானையைக் காந்தியின் தலைப்பின் கீழ் வைத்தது ஆழ்ந்த செயல். நவகாளியில் வெறுங்காலோடு நடந்தவர், கல்கத்தாவில் உண்ணாவிரதமிருந்து கலவரத்தை நிறுத்தியவர், முடிக்காமல் விட்டுச் சென்ற பணி அப்பானையில் உடைந்து கிடக்கிறது. ஆனால் அதே தலைப்பு அப்பானையின் கூர்மையை மழுக்கவும் செய்கிறது. பொறுமை, அகிம்சை, அக்கறை என்ற இனிய சொற்களுக்கு நடுவே, உடைத்தவர் யார், உடைந்தது எது என்ற வினா அடங்கிப்போகிறது. சாட்சி கூண்டில் ஏறியிருக்கிறார். மன்றத்தில் வாழ்த்துப்பா ஓதப்படுகிறது. இறந்துபோன சாட்சி குறுக்கிட்டுப் பேச இயலாதல்லவா! 2011இன் அரங்குக்கு இக்குறை இல்லை. 'வெடிக்கப் போகிறது என்பதில் அனைவரும் ஒருமனம்' என்ற அதன் தலைப்பே அமைதிக்கு எதிரானது.

நம் பங்கிலும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். இரு முறையும் முஸ்லிம் பெயரொன்று அரங்கில் இருந்தது கண்டு மகிழ்ந்தோம். ஆனால் அவ்விருவர் காட்டியதும் வடநாட்டு முஸ்லிமின் துயரம்: பிரிவினை, பாபரி, பம்பாய். உருது நம்மில் சிலருக்கு வீட்டுமொழி, பெரும்பாலோர்க்கு அன்று. தமிழ் முஸ்லிமின் வீடு எங்கே வைக்கப்பட்டது? அரபு எழுத்தில் தமிழை எழுதிய முன்னோரின் ஏடுகளும், கீழக்கரைப் பழைய பள்ளியின் கற்றூண்களும், 1942இல் பர்மாவிலிருந்து கால்நடையாகத் திரும்பியோரின் நினைவுகளும் எந்த அரங்கையும் எட்டவில்லை. வெளியேற்றத்தின் துயரம் தமிழ் பேசும் முஸ்லிமுக்குத் தெரியாததன்று. 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளின் ஆணையால் ஓரிரு மணி நேரத்தில் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்கள் இழந்த முற்றம் எந்த மொழி பேசியது? தமிழ்தான்.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனன் அவர்களைக் குறிப்பிடாமல் செல்ல முடியவில்லை. 'முடிவுறாத் தொம்பு' என்று பொருள்படும் பெயரில் ஆங்கிலத்தில் அவர் ஒரு நூல் செய்தார். வெனிஸில் ஸரீனாவின் அச்சுகள் நின்ற அதே 2011இல் அது வெளிவந்தது. தொம்பு என்பது இலங்கையில் பழைய காணிப் பதிவேட்டின் பெயர். வடபுலத்திலிருந்து இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களுமாக எண்பது பேரிடம், நீங்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தாருங்கள் என்று கேட்டார். அவர்கள் வரைந்த மனைப்படங்களும் சொன்ன கதைகளும் ஒன்றாகத் தொகுக்கப்பட்டன. கிணறு எங்கே, மாமரம் எங்கே, சமையற்கட்டு எங்கே. ஸரீனா தனியொருவராகச் செய்ததை அவர் எண்பது கைகளைக் கொண்டு செய்திருக்கிறார். வகாலத்துப் பெறுவது எப்படி என்பதை அந்நூல் ஓசையின்றிக் காட்டுகிறது. அதற்கு எந்த நாட்டு அரங்கும் தேவைப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுவோம்.

பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளை சித்திரம் வரைந்தால் உருவம் வரைவது ஆகாதே என்று நோட்டைப் பிடுங்கும் வீடுகளை நாம் அறிவோம். உயிருள்ளவற்றின் உருவம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே உள்ள பேணுதலை நாமும் மதிப்பவரே. அதைத் தளர்த்தச் சொல்லவில்லை. ஆனால் இந்தியாவின் பெயரால் வெனிஸில் நின்ற இவ்விரு முஸ்லிம் பெண்களின் படைப்புகளில், இங்கே நாம் பேசியவற்றில், மனித உருவம் ஒன்றுகூட இல்லை என்பதைப் பாருங்கள். கோடும் எழுத்தும் பானையும் பொன்னொளியும் மட்டுமே. பேணுதல் கலையின் வாயிலை அடைத்துவிட்டது என்பது நாமாக எண்ணிக்கொண்டது.

சென்ற மாதம் நம் மாணவருக்கு இவற்றையெல்லாம் தொலைபேசியில் கூறினோம். நெடுநேரம் கேட்டிருந்துவிட்டு, "அப்படியென்றால் அந்தப் பானையை நான் சரியாகப் பார்க்கவில்லை, ஹஜ்ரத்" என்றார். பிறகு, "ஆனாலும் லேபிளில் நாட்டின் பெயர் இருக்கிறதே, அது எனக்கு இன்னும் உறுத்துகிறது" என்றும் சொன்னார். உறுத்தட்டும் தம்பி என்றோம்.

மறுநாள் மாலை மக்தபில் பிள்ளைகளிடம் ஸரீனாவின் படங்களைக் காட்டி, உங்கள் வீட்டைச் சொல்ல ஆளுக்கு ஐந்து சொல் எழுதுங்கள் என்றோம். தாராபுரம் ரோட்டின் இருமருங்கும் காம்பவுண்டு வீடுகளில் வாழும் பிள்ளைகள் அவர்கள். தாய் தந்தையர் பலர் பனியன் கம்பெனித் தொழிலாளர். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கங்களிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். திண்ணை என்று ஒருவரும் எழுதவில்லை, முற்றமும் இல்லை. தண்ணீர், உம்மா, பவர் டேபிள், மாடிப்படி, பாங்கு, கட்டிங் வேஸ்ட், நைட் ஷிஃப்ட் என்று வந்தன. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி முதற்சொல்லாக 'வாடகை' என்று எழுதியிருந்தாள். அதை எப்படிப் படமாக வரைவாய் என்று கேட்டோம். சற்று யோசித்துவிட்டு, ஒரு கதவை வரைந்து, அதன் வெளியே ஐந்து ஜோடிச் செருப்புகளை வைத்தாள்.